அவ்வாத் பெயரில் எழுதிய நிலம்

நிலம் பதிய நகரத்திலிருந்து எழுத்தர் வருகிறார் என்றதும் எங்கள் ஊரே பயந்துவிட்டது. சுல்தானின் புதுச் சட்டமாம். உழுகிறவன் பெயரிலேயே நிலமாம். சர்க்கார் எதையாவது சும்மா கொடுக்குமா? ஏட்டில் பெயர் ஏறினால், அடுத்து பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கேட்பார்கள். என் மகன் தியாபுக்குப் பத்தொன்பது வயது. என் கொழுந்தன் அவ்வாதை அப்படித்தான் ஏமனுக்குப் பிடித்துப் போனார்கள். அங்கே காய்ச்சலில் செத்தான் என்று, திரும்பி வந்த ஒருவன் சொன்னதோடு சரி.

"அவ்வாத் பேர்ல எழுதிடுங்க. செத்தவன எவன் பட்டாளத்துக்குப் பிடிப்பான்?" என்று என் புருஷன் கலஃபிடம் சொன்னது நான்தான். பெரிய மூளைக்காரி! இன்னும் நாலு வீட்டிலும் செத்தவர்கள் பெயரைத்தான் கொடுத்தார்கள்.

"ஆள் எங்கய்யா?" என்றார் எழுத்தர்.

"ஒட்டகத்தோட போயிருக்கான், வந்துருவான்" என்றார் கலஃப். ஊர்த்தலைவரும் அதற்குக் கண்ணிமைக்காமல் முத்திரை குத்தினார்.

அறுவடை முடியுமுன் ஆறு சிப்பாய்கள் களத்துக்கு வந்து நின்றார்கள். அதிகாரியின் கையில் ஒரு காகிதம்.

"அவ்வாத் யாருடா? ஏமன்லேர்ந்து ஓடிப்போனவன்னு எங்க பட்டியல்ல இருக்கு. இங்க உயிரோட நிலம் பதிஞ்சிருக்கானாமே!"

செத்துவிட்டான் என்றால் பொய்ப்பதிவு. தலைவரும் நாங்களும் சிறைக்குப் போக வேண்டும். இருக்கிறான் என்றால் எங்கிருந்து கொண்டுவருவது?

"ஆள் இப்பவே வரணும். இல்லேன்னா அந்த வீட்டுப் பையன் வரட்டும்." ஒரு சிப்பாய் தியாபின் சட்டையைப் பிடித்தான்.

கலஃப் வைக்கோல் வாரியைக் கீழே வைத்தார். "நான்தாங்க அவ்வாத்."

"இவனா?" என்று அதிகாரி தலைவரைக் கேட்டான்.

கலஃபின் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் தலைவர். "ஆமாங்க, இவன்தான்" என்றார்.

"உனக்குக் கலஃப்னு ஒரு அண்ணன் இருக்கான்னு இதுல இருக்கே, அவன் எங்க?"

"செத்துட்டாருங்க."

சிப்பாய் தியாபை விட்டான். தியாப் "வாப்பா" என்று தகப்பனைக் கூப்பிட வாயெடுத்தான். பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினேன். என் விரலைக் கடித்துவிட்டான். நான் எடுக்கவில்லை.

"இந்தப் பொம்பள ஏன் நடுங்குறா? உனக்கு யாரு?"

"மதினிங்க. அண்ணன் பொண்டாட்டி."

கலஃபின் கைகளைக் கயிற்றால் கட்டினார்கள். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. இருபது வருஷமாக "அடியே" என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன், தரையைப் பார்த்தபடி, "மதினி, பையனப் பாத்துக்குங்க" என்றார்.

அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி தம்பி, போயிட்டு வா" என்றேன்.