ஒரு மணியா, இரண்டு மணியா

சுரங்கக் கூண்டை இறக்கும் விசையில் கை வைத்தபடி, மணி எத்தனை முறை அடித்தது என்று கபாம்ப்வே யோசித்தான். இரண்டு அடித்தால் இறக்க வேண்டும். ஒன்று அடித்தால் அசைக்கக் கூடாது. பதினான்கு வருடமாக இதை அவன் யோசித்ததே இல்லை. காதில் விழுந்ததும் கை செய்துவிடும். இப்போது கை காத்திருந்தது. கூண்டில் முப்பத்தாறு பேர் ஏறுகிற நேரம்.

போன மழைக்காலத்தில் கூண்டு பாதிக் குழியில் சிக்கி, நாற்பது நிமிடம் ஆட்களோடு தொங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அன்றோடு போனது அவன் தூக்கம். கண்ணை மூடினால் அவனே அந்தக் கூண்டோடு விழுவதுபோல் இருக்கும். பகலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்த மாற்று விசைக்காரன் பெம்ப்யாவின் மீது தேநீர்க் கோப்பையை வீசிவிட்டான். ஃபோர்மேன், "இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போயிடு" என்றார். மனைவிதான் சுரங்கத்து மருத்துவமனைக்குத் துரத்தினாள். தொழிலாளர்களின் தூக்கத்துக்கென்றே அங்கே ஒரு நர்ஸ் வந்திருந்தாள்.

"படுக்கைல முழிச்சுக்கிட்டே கெடக்காதீங்க. பன்னெண்டுக்குப் படுங்க, அஞ்சுக்கு எழுந்துடுங்க. தூக்கம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி," என்றாள் அந்த நர்ஸ், முவாங்காலா. "முதல் ரெண்டு வாரம் பகல்ல கண்ணு இன்னும் சொருகும். மெஷின் பக்கம் போகவே கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்டோர்ல, சிஸ்டர்."

உண்மையைச் சொன்னால் விசையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் சொல்ல வைத்த பொய். ஒன்பதாம் நாள் அவன் மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினான். மனைவி எழுப்பவே மனமில்லாமல் எழுப்பினாள். பொய் பலித்துவிட்டது என்று நினைத்தான்.

இன்று பத்தாம் நாள்.

பிரேக்கை இறுக்கிப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தான்.

"பெம்ப்யா!"

பக்கத்து அறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தவன் வாசலிலேயே நின்றான். "என்ன கபாம்ப்வே, இன்னிக்கு எதை எறியப் போறே?"

"மணி எத்தனை அடிச்சுது?"

பெம்ப்யாவின் முகத்திலிருந்த கேலி வடிந்தது. "ஒண்ணு. ஒண்ணுதான்யா! அந்த ரூம் ஜன்னல்ல பாத்தேன், கூண்டுக் கதவே இன்னும் சாத்தலை. ஒருத்தன் ஏறிட்டிருக்கான்."

அந்த ஒருத்தனின் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருப்பது கபாம்ப்வேயின் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"நீ எழுந்திரு," என்று பெம்ப்யா அவன் தோளைப் பிடித்து நகர்த்தி இருக்கையில் உட்கார்ந்தான். சுவரில் தொலைபேசி அலறியது. ஏன் தாமதம் என்று ஃபோர்மேன் கேட்பார். "வயித்து வலின்னு சொல்லிக்கோ. நானும் அதையே சொல்றேன்," என்றான் பெம்ப்யா.

வலி என்றால் நாளைக்கு மறுபடி இதே இருக்கை. கபாம்ப்வே தொலைபேசியை எடுத்தான். "சார், நான் கபாம்ப்வே. மணி எத்தனைன்னு எனக்குத் தெரியல. நர்ஸம்மாகிட்ட ஸ்டோர்ல வேலைன்னு பொய் சொல்லிட்டேன். எனக்குத் தூக்கமே இல்ல சார்."

அவன் பின்னால் மணி இரண்டு முறை அடித்தது. பெரிய உருளை சுழலத் தொடங்க, கம்பிக் கயிறு முனகிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கியது. ஃபோர்மேன் என்ன சொல்லப்போகிறாரோ என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆழம் காட்டும் முள்ளையே பார்த்து நின்றான்.