இருநூற்றுப் பன்னிரண்டின் தலையளவு

சகோதரர் மன்றத்துக்குத் தொப்பி தைக்கிற அந்தப் பட்டறையில் மன்றத்து ஆட்கள் யாருக்கும் பெயர் கிடையாது. செயலாளர் அனுப்பும் சீட்டில் உறுப்பினர் எண், பதவி, தலைச் சுற்றளவு, இந்த மூன்றுதான் இருக்கும். யார் யார் உறுப்பினர் என்பது வெளியே தெரியக் கூடாதாம். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை அவர்கள் அத்தனை பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள்.

பட்டறையின் மூத்த கைக்காரியை எல்லோரும் சரிகையக்கா என்பார்கள். இருபத்தாறு வருஷமாகக் கறுப்பு வெல்வெட்டில் தங்கச் சரிகை பதிக்கிறவள். சரிகை என்றால் நூல் இல்லை, மெல்லிய கம்பிச் சுருள். அதைப் பாசிமணி அளவுக்கு நறுக்கி, மெழுகு தடவிய நூலில் ஒவ்வொன்றாகக் கோத்து, அட்டை வைத்து மேடாக்கிய எழுத்தின்மேல் படுக்க வைக்க வேண்டும். ஒரு துண்டு கொஞ்சம் நீண்டாலும் எழுத்து பல்லை இளிக்கும். அவள் கையில் எதுவும் பல்லை இளித்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குத் தேவைக்கு மேலேயே உண்டு.

அன்றைக்கு வந்த சீட்டில், 'எண் இருநூற்றுப் பன்னிரண்டு. தலைவர். ஐம்பத்தாறு சென்டிமீட்டர்' என்று இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு அவளுடைய அண்ணன்.

அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். அவள் மகளின் கல்யாணத்தன்று, மன்றத்தில் ஏதோ பதவியேற்பு என்று அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். மறுநாள் வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் பார்க்க, "உனக்குத் தொப்பி போட்டவன்தானே உறவு, இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டாள். அந்தத் தொப்பியைத் தைத்ததே தான்தான் என்பது கோபத்தில் ஞாபகம் வரவில்லை. அவன் அப்படியே திரும்பிப் போனான். அப்புறம் அவன் வரட்டும் என்று இவளும், அவள் கூப்பிடட்டும் என்று அவனும் இருந்துவிட்டார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

ஆனாலும் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? நடுவில் அவனுக்கு இரண்டு தடவை பதவி உயர்ந்தது. இரண்டு தொப்பியையும் வேறு யாரையும் தொடவிடாமல் அவளே தைத்தாள். இரண்டும் ஐம்பத்தெட்டு. இப்போது தலைவர் தொப்பி. அவன் இருபது வருஷமாகக் காத்திருந்த பதவி அது. இதை நன்றாகத் தைத்துக் கொடுத்தால் என் கையை அவன் அடையாளம் கண்டுகொள்வான், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமலா இருப்பான் என்று நினைத்தாள். பேச வேண்டியதை ஊசியிடம் ஒப்படைத்துவிடுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அளவு இடித்தது. அட்டையும் பசையும் வைத்து விறைப்பாகச் செய்யும் தொப்பி அது, துளிகூட நெகிழாது. தலைவர் தொப்பி என்றால் இன்னும் சிக்கல். பதவியேற்பில் விளக்கை அணைத்து, பழைய தொப்பியை எடுத்துப் புதியதை வைப்பார்கள். விளக்கு வந்ததும், இரண்டு பக்கமும் இரண்டு சகோதரர்கள் புதுத் தலைவரின் கைகளைக் கோத்துக்கொள்வார்கள். அப்படியே கூடத்தை ஏழு சுற்று சுற்ற வேண்டும். கையை விட்டால் பதவி இல்லை. இறுகினால் ரத்தம் கட்டும், தளர்ந்தால் சரியும். சரி செய்துகொள்ளக் கை இருக்காது.

"ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கே தம்பி, இது தப்பு," என்றாள், அட்டை வெட்டுகிறவரிடம். அவருக்கும் ஐம்பது வயதிருக்கும்; இவள் கூப்பிடுவது தம்பி என்றுதான்.

"பதவி ஏற ஏறத் தலைக்கனம் கூடும்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். குறையறது புதுசா இருக்கேக்கா."

"வயசானா தொப்பை பெருக்கும், முடி கொட்டும். மண்டை சுருங்குமா? நாடாவை இழுத்துப் பிடிச்சு அளந்திருப்பாங்க."

"எதுக்கும் கேட்டுடுங்களேன்."

செயலாளருக்குப் போன் செய்தாள். "அவர் சொன்னதைத்தான் எழுதினேம்மா. சந்தேகமா இருந்தா அவரையே கேட்டுடுங்க," என்று அவர் வைத்துவிட்டார்.

அவரையே கேட்பதா? அவன் போன் எண் மனப்பாடம்தான். போன் கையில்தான் இருந்தது. பதினோரு வருஷம் கழித்து முதல் பேச்சாக 'உன் தலை எவ்வளவு' என்று எப்படிக் கேட்பது? போன வருஷமும் இப்படித்தான் ஒரு சீட்டு தப்பாக வந்தது. பழைய பதிவேட்டைப் பார்த்து அவளே திருத்தினாள், தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது, செயலாளரே வந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு இப்போது பேசியது.

"எங்க அண்ணன் தலை எனக்குத் தெரியாதா? ஐம்பத்தெட்டுக்கே வெட்டு."

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு கால்னா மூணுதான்," என்று அவர் வெட்டினார்.

பதினெட்டு நாள் தைத்தாள். கைகோத்த இரண்டு கைகள்தான் மன்றத்தின் சின்னம். விரல் நகங்களுக்குக்கூடத் தனிக் கம்பி போட்டாள். பட்டறையே வந்து நின்று பார்த்தது. அவள் வாழ்நாளில் தைத்ததில் அதுதான் சிறந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் சந்தேகமே இல்லை.

பதவியேற்புக்கு மறுநாள் காலை செயலாளர் ஒரு பையோடு வந்தார். பையில் தொப்பி இருந்தது.

"ரெண்டாவது சுத்துலேயே கண்ணை மறைச்சுடுச்சும்மா. ரெண்டு கையும் பிடிச்சிருக்காங்க, என்ன பண்ணுவார்? தலையை அண்ணாந்துக்கிட்டே நடந்தார். பின்னாடி ரெண்டு மூணு பேர் சிரிச்சுட்டாங்க. அஞ்சாவது சுத்துல மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு. கையை விட்டுட்டார்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"தொப்பியை எடுத்தப்பதான் எல்லாரும் பார்த்தோம். தலையில ஒரு முடி இல்ல. நாலு மாசமா வைத்தியமாம், யாருக்குமே சொல்லல. கையை விட்டா பதவி இல்லங்கறது விதி, என்ன பண்றது? அடுத்தவருக்குப் போயிடுச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொன்னோம், அதுக்கு ஒரு மாதிரி சிரிச்சார்." செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சீட்டுல நான் சரியாத்தானே எழுதியிருந்தேன்?"

"சரியாத்தான் எழுதியிருந்தீங்க," என்றாள்.

தொப்பியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். பதினோரு வருஷம் போகத் தெரியாத வழி கால் மணி நேரம்தான். சிரித்தார்கள் என்று செயலாளர் சொன்னதே காதில் நின்றது. சின்ன வயதில் அவனைப் பார்த்து யாராவது சிரித்தால் இவள்தான் கல்லெடுப்பாள். இப்போது இவளே சிரிக்க வைத்திருக்கிறாள்.

கதவைத் திறந்த அண்ணி, "வாம்மா," என்று மட்டும் சொல்லி வழிவிட்டாள்.

அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தான். சட்டைக்குள் ஆளே இல்லை. கன்னம் ஒட்டி, நெற்றிச் சதை வற்றி, தலை ஒரு சின்னப் பையனுடையது போல ஆகியிருந்தது. மண்டை சுருங்குமா என்று கேட்டவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு," என்றான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேணும்னே பண்ணினியா?"

"ஐயோ, இல்லண்ணா. சீட்டு தப்புன்னு நினைச்சேன். உன் தலை எனக்குத் தெரியாதான்னு..."

அவன் அதை நம்பினான். நம்பியது முகத்தில் தெரிந்தது. நம்பாமல் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மூணு தடவை அளந்தேன்," என்றான் மெதுவாக. "யாருக்கும் சொல்லல. உனக்குப் போன் பண்ணலாம்னு எடுப்பேன், வாய் வராது, வெச்சுடுவேன். அப்புறம்தான் இந்த யோசனை. அளவு எப்படியும் உன் கைக்குத்தான் வரும். ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சா மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, உனக்குப் புரிஞ்சிடும். என்னமோ ஆயிடுச்சுன்னு அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவேன்னு நினைச்சேன்."

"சீட்டு கொடுத்த அன்னியிலேர்ந்து பத்து நாள்," என்றாள் அண்ணி, கதவோரம் நின்றபடி. "பகல்ல வாசக் கதவைத் தாழ் போட விடலம்மா."

அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்குகிற வயதும் இல்லை, வீம்பும் மிச்சமில்லை. அழுதாள்.

"அதான் வந்துட்டேன்லண்ணா."

"வந்தே," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "இப்ப நீ வந்தது தொப்பிக்கு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தொப்பி அவள் மடியில் இருந்தது.