இன்னொரு தடவை ரத்தம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்றாலும், வாயால் அதட்டி நிறுத்துவதே எனக்குப் பழக்கம். அந்த வாயை டாக்டரம்மாவிடமும் காட்டினேன்.

காலையில் இடது அடிவயிற்றில் பிடித்த வலி, மதியத்துக்குள் உயிரை வாங்கிவிட்டது. மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு, சி.ஆர்.பி. எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"அப்ப கிளம்பலாம்தானே?" என்றேன்.

"போகலாம். ஆனா நாளைக்குக் காலைல வந்து இன்னொரு தடவை ரத்தம் குடுங்க," என்றார் டாக்டர். "உள்ள எங்கயாவது புண்ணாகி வீங்கினா சி.ஆர்.பி. ஏறும். உடனே ஏறாது, ஒரு நாள் பிடிக்கும். உங்களுக்கு வலி இன்னைக்குத்தானே ஆரம்பிச்சுது?"

"எடுத்தது பத்தலையா? நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மறுபடியும் எதுக்குக் குத்தறீங்க?"

நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் என் மாணவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கோட்டை விடுபவள். மாத்திரையில் வலி சற்று அடங்கியிருந்ததால் கிளம்பிவிட்டேன். கார் சாவியைக் காணோம். மனைவி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"டெஸ்ட்டுக்கு உங்க தம்பி போறாரு. நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

வேலையற்ற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கையை நீட்டினேன்.

முந்தைய நாள் நான்கில் இருந்த சி.ஆர்.பி. நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. வெள்ளை அணுவும் எகிறியிருந்தது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் சுவர் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்கியிருந்தது. அதில் ஒன்று புண்ணாகி, பக்கத்தில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. டைவர்ட்டிகுலைட்டிஸ் என்றார் டாக்டர். மருந்து ஏற்றியும் ரத்தத்தில் அளவு இறங்காவிட்டால் குடலை வெட்டி, மலம் போக வயிற்றுக்கு வெளியே பை வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஆடிப்போய்விட்டேன். பை வைத்த வயிற்றோடு சீட் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்பதுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசிக்கவே பயமாக இருந்தது.

அதற்கப்புறம் ரத்தம் எடுக்க வரும் நர்ஸிடம், அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினேன். முதலில் அளவு இன்னும் ஏறியது. பிறகு ஏறாமல் நின்றது. ஒரு நாள் காலையில் டாக்டரே நேரில் வந்தார்.

"பாதிக்குக் கீழ இறங்கிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்."

மனைவி கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவு கத்தினேன். அதை மனசுல வச்சுக்காம என்னைக் காப்பாத்திட்டீங்க டாக்டர். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல," என்றேன்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்க. நீங்க கோபமா வெளிய போனதும் அவங்க மட்டும் திரும்பி வந்தாங்க. 'இவர் கத்தியும் நீங்க கோபப்படல. வேற டாக்டர் இருந்தா இவர் சண்டை போட்டுக் கிளம்பிடுவாரு. நாளைக்கும் நீங்களே இருப்பீங்களா?'ன்னு கேட்டாங்க. மறுநாள் எனக்கு லீவு. அவங்க முகத்தைப் பார்த்துட்டு வராம இருக்க முடியல."

மனைவியைப் பார்த்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் நிற்கிறார் என்றும் பாராமல் அழுதேன்.