ஏழாம் மாடியின் வெளிர் நாற்காலி

சனிக்கிழமை ஆறு மணிக்குள் ஒரு செட்டாவது விற்காவிட்டால் மேப்பிள் மரச்சாமான் அடுக்கிவைத்த மாதிரி அறையையும் கலைப்பேன், அதை விற்கும் வெர்னாவையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்று ஹோபர்ட் க்ரல் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். கிளீவ்லாந்தின் அந்தப் பெரிய கடையில் ஏழாம் மாடி முழுக்க அவர் ராஜ்ஜியம். சிங்கக்கால் மேஜை, பூச்செதுக்குக் கட்டில், ரத்தச் சிவப்பு மெருகு. அவருக்கு அதுதான் மரச்சாமான். வெர்னா சண்டை போட்டு வரவழைத்த மேப்பிள் செட்டிலோ ஒரு பூ கிடையாது. மரம் தன் வெளிர் நிறத்திலேயே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனுஷருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உரிச்ச கோழி மாதிரி இருக்கு. எவன் வீட்டுக்குள்ள விடுவான்?" என்பார், வாங்க வருகிறவர்கள் காதிலேயே விழும்படி.

"நீங்க வாயை மூடினா வித்துடுவேன்," என்பாள் வெர்னா.

"விக்கிற மூஞ்சியைப் பாரு!"

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஸ்டாடர்ட் சீமாட்டி வந்தாள். மேஜையைத் தடவினாள், இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல கெட்டி. மேஜை, ஆறு நாற்காலி, அலமாரி, மொத்தமா எடுத்துக்கறேன்."

வெர்னா ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். ரசீது எழுதியபடியே க்ரலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அடேயப்பா, அவளுக்குத்தான் என்ன சந்தோஷம்!

"பெயிண்ட் எந்த மாடிலம்மா?" என்றாள் சீமாட்டி.

"பெயிண்டா?"

"இது வர்ணம் பூசாத சாமான்தானே? லிஃப்ட்கிட்ட அதோ அவர்தான் சொல்லி அனுப்பினார். நான் பச்சை அடிக்கப்போறேன்."

க்ரல் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன்! வீட்டில் வர்ணம் பூசிக்கொள்ளும் வெறும் மரச்சாமான் விற்பது நாலாம் மாடியில். வேண்டுமென்றே இங்கே அனுப்பியிருக்கிறார்.

"பூச்சு வேலையெல்லாம் முடிஞ்சதுங்க மேடம். இதோட நிறமே இதுதான்."

"இதுவா? ஐயோ, எனக்குப் பச்சைதான் வேணும். இதுமேலயே அடிச்சுக்கறேன்."

"வாயை மூடிட்டுக் கையெழுத்து வாங்கு. உன் வேலை தப்பிச்சுது," என்றார் க்ரல்.

வெர்னா ரசீதை நாலாகக் கிழித்தாள்.

"பச்சை அடிக்க இதைத் தர மாட்டேன். நாலாம் மாடில கேளுங்க மேடம்."

"அப்போ கிளம்பு! பின்வாசல் வழியாப் போ!" என்று க்ரல் கத்தினார். கடையில் வேலை பார்ப்பவர்கள் முன்வாசலை மிதிக்கக்கூடாது. வாங்க வருகிறவர்களுக்கோ ராஜ உபசாரம். சாமான் வாங்கியவரை க்ரலே லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டு, தலை குனிந்து நன்றி சொல்வார்.

வெர்னா ஒரு மேப்பிள் நாற்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தாள்.

"பின்வாசல் வேலைக்காரங்களுக்கு. நான் இப்போ வாங்க வந்தவ. லிஃப்ட் வரைக்கும் வந்து நன்றி சொல்லுங்க."

ஏழாம் மாடியே திரும்பிப் பார்த்தது. ஸ்டாடர்ட் சீமாட்டியும் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு க்ரல் முன்னால் நடந்தார். லிஃப்ட் கதவு திறந்ததும் தலையைக் குனிந்து, வாய்க்குள்ளேயே நன்றி என்று முணுமுணுத்தார்.

"காதுல விழல," என்றாள் வெர்னா.