பந்தல் ஜெனரேட்டர்

பாகீரதிக்கு அந்தப் பூஜை கிளப் பையன்களைக் கண்டாலே ஆகாது. கல்கத்தாவில், பெஹாலாவில் அவளுடைய ஆய்வுக்கூடத்துச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டு, துர்கா பூஜை முழுக்க ஒலிபெருக்கியை அலறவிடுவார்கள். தொண்ணூற்று மூன்றில் தானாவுக்கே, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கே, போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். தெருவே அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. போங்களேன், எனக்கென்ன என்று இருந்துவிட்டாள். லேக் மார்க்கெட்டில் வளர்ந்த தமிழச்சிக்கு வங்காளத்திலும் வாய் குறைவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம், அஷ்டமி சாயங்காலம், கரண்ட் போயிற்று. ஆய்வுக்கூட ஜெனரேட்டர் நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. மெக்கானிக்கா? பூஜை நாளில் கல்கத்தாவில் மெக்கானிக் கிடைத்துவிட்டாலும்! இன்குபேட்டருக்குள் இருந்தவை வாரக்கணக்காக மார்ஃபின் கொடுத்து வளர்த்த நரம்புச் செல்கள். மறுநாள் காலை மார்ஃபினை நிறுத்தி, அவை என்ன பாடு படுகின்றன என்று அளக்க வேண்டும். சூடு இறங்கினால் அத்தனையும் வீண். திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது, மறுபடி வளர்க்க நாளே இல்லை.

வேறு வழி? மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பந்தலில் போய் நின்றாள். ஊரே இருட்டு, பந்தல் மட்டும் ஜெகஜோதியாக இருந்தது.

கிளப் செயலாளர் தபன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன தீதி, இன்னிக்கும் தானாவா?"

"ஜெனரேட்டர் வேணும் தபன். என் செல்லெல்லாம் பாழாப் போயிடும்."

"என்ன செல்லு?"

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "பிரவுன் சுகர் மாதிரி போதை தினமும் உள்ளே போனா, நரம்புச் செல் அதுக்கு ஈடுகொடுத்துத் தன்னையே மாத்திக்கும். திடீர்னு நிறுத்தினா பழைய நிலைக்குத் திரும்பத் தெரியாம தவிக்கும். அந்தத் தவிப்பு எங்கேருந்து வருதுன்னு பார்க்கத்தான் வளர்க்கறேன்."

தபன் கிட்டே வந்தான். "அப்போ, விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு மறுபடி ஓடறவன்... அவன் பொய் சொல்லலையா?"

"இல்லப்பா. நிஜமாத்தான் சொல்லியிருப்பான். உடம்பு விடலை."

"என் தம்பி கோகன் அப்படித்தான் செத்தான் தீதி. பொய்யன், பொறுக்கின்னு தெருவே சொல்லிச்சு. நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்."

அடுத்து அவன் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. கிளப் ஜெனரேட்டர் பந்தலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் சேர்த்துத் தாங்காதாம். அடப்பாவி, அஷ்டமியும் அதுவுமாகப் பந்தல் விளக்கு அத்தனையும் அணைத்துவிட்டான்! பையன்கள் சுவர்மேல் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அம்பாளுக்கு அகல் விளக்கு போதும் என்று பூசாரியும் சொல்லிவிட்டார். இன்குபேட்டர் மறுபடி சூடேற ஆரம்பித்ததும் பாகீரதி தரையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அந்தச் செல்களை வைத்து எழுதிய கட்டுரைதான் அவளை ஆளாக்கியது. இரண்டாயிரத்து ஆறில் துறைத் தலைவியாகவே ஆகிவிட்டாள். ஆனால் அவள் வாய் நிறையச் சொல்வது அந்தக் கட்டுரை அச்சாகி வந்த நாளைத்தான். அச்சுக்குப் போகுமுன், நன்றி சொல்லும் இடத்தில் பூஜை கிளப் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார் அப்போதைய இயக்குநர். "அப்போ கட்டுரையே வேண்டாம் சார்" என்று நின்றாளே, மனுஷர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

அச்சாகி வந்ததும் இதழைக் கொண்டுபோய்த் தபனிடம் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தான். கிளப் பெயருக்குக் கீழே கோகன் மண்டல் என்று இருந்தது.

"தம்பி என்ன பண்ணினான் தீதி, அவனுக்கு எதுக்கு நன்றி?"

"அவன் இல்லேன்னா நீ விளக்கை அணைச்சிருப்பியா?"

தபன் அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"இவன் பேரு இதுவரைக்கும் தானா கேஸ் காகிதத்துல மட்டும்தான் இருந்தது தீதி" என்றான்.