கெட்ட காகிதம்

செல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே காகிதம் என்றால் அவளுக்குப் பயம் கலந்த பக்தி. மின்சார பில்லோ, கிளினிக் அட்டையோ, கடை விளம்பரமோ, வீட்டுக்குள் வந்த காகிதம் வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. அலமாரி நிரம்பி, மெத்தைக்கடியும் நிரம்பி, இப்போது அரிசி டின்னிலும் காகிதம் குடியேறிவிட்டது. மலை ஈரத்தில் பாதி பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

மகள் விக்னேஸ்வரிக்குப் பக்கத்துச் சிறுநகரமான தானா ராத்தாவில் ஹோட்டல் வேலை. வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கை பரபரத்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தன் காரில் தேயிலை எஸ்டேட்டிலிருக்கும் அம்மாவின் லைன் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

இந்த முறை அவசரத்துக்கு நியாயம் இருந்தது. திங்கட்கிழமை அம்மாவுக்குக் குடியுரிமை நேர்காணல். இதே எஸ்டேட்டில் பிறந்து, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து, அறுபதைத் தாண்டியும் செல்லம்மா கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்த மண்ணிலேயே விருந்தாளி. இரண்டு தடவை மனுப் போட்டு இரண்டும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது தடவைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். தகப்பனாரின் பெயரும் அடையாள எண்ணும் தெளிவாகத் தெரியும் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் கோடு போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

சுலபமான இடத்தில் தொடங்கு என்பது வீடியோவின் முதல் பாடம். அம்மா சமையலில் இருந்தபோது விக்னேஸ்வரி பின்பக்கத்து விறகுக் கொட்டகையைக் காலி செய்தாள். உடைந்த வாளி, துருப்பிடித்த டின், கிழிந்த மழைக்கோட்டு என்று ஏழு பைகள் லைன் முனையிலிருந்த குப்பைத் தொட்டிக்குப் போயின. மனசு லேசாகிவிட்டது. உலகத்தையே சுத்தம் செய்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் சாமி அலமாரியிலிருந்த மஞ்சள் துணி மூட்டையைப் பிரித்தாள். அம்மாவின் பிறப்புப் பத்திரம் முதலில் வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் செல்லம்மா முக்கியமான காகிதங்களையெல்லாம் விளக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பாள். பத்திரத்தின் நட்டநடுவில் நாற்பது வருஷத்துப் பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஊறியிருந்தது. அதற்கடியில்தான் தகப்பனார் பெயரும் எண்ணும். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"என்னம்மா இது? தாத்தா பேரு மேலயே பூசி வச்சிருக்க?"

"சாமிக்கு வச்சதுலா. தப்பா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விக்னேஸ்வரி பத்திரத்தை மெல்ல மடித்து வைத்தாள். பத்திரம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கும்பிட்டே அழித்திருக்கிறாள், பாவம்.

"பதிவாபீஸ்ல வேற காப்பி கேக்கலாம், ஆனா திங்கக்கெழமைக்குள்ள கெடைக்காது. தாத்தா பேரு போட்ட வேற காகிதம் ஏதாச்சும் இருக்காம்மா?"

"இல்லலா." செல்லம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "நல்ல காகிதம் இல்ல. கெட்ட காகிதம் ஒண்ணு இருக்கு."

"என்ன கெட்ட காகிதம்?"

"அப்பா செத்ததுக்குக் குடுத்த சர்ட்டிபிகேட். எழவுக் கடுதாசி வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க. படிச்சதும் கிழிச்சிப் போட்டுடணும். அப்பா பேரு இருக்கே, எப்படிக் கிழிப்பேன்? பிளாஸ்டிக்ல சுத்தி, ஒரு டின்னுல போட்டு, விறகுக் கொட்டகையில வச்சேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே இல்ல."

விக்னேஸ்வரி செருப்பைத் தேடத் தொடங்கினாள். "அம்மா, அந்த டின்ன நான் காலையிலயே குப்பையில போட்டுட்டேன்."

இருவரும் தூறலில் ஓடினார்கள். தொட்டி காலியாக இருந்தது. எஸ்டேட் குப்பை லோரி நான்காவது லைன் முன்னால் நின்றிருந்தது. விக்னேஸ்வரி கத்திய கத்தலில் டிரைவர் அர்ஜுனன் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"என்னம்மா, நகையப் போட்டுட்டீங்களா?"

"தாத்தாவப் போட்டுட்டேன் மாமா" என்றாள் விக்னேஸ்வரி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவள் ஏறுவதற்குள் செல்லம்மா லோரியின் பின்னால் ஏறிவிட்டாள். முட்டி வலி என்று சாமி கும்பிடக்கூட உட்காராதவள். அழுகிய கோசுக்கும் நாற்றத்துக்கும் நடுவில் மண்டியிட்டுப் பை பையாகக் கிழித்தாள். ஐந்தாவது பையில் கை நின்றது. எந்த டின்னைத் தொடக்கூடாது என்று முப்பத்தைந்து வருஷம் ஒதுங்கிப் போனாளோ, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

வாசல் ஓரத்துக் கூரைக்கடியில் விக்னேஸ்வரி டின்னைத் திறந்தாள். பிளாஸ்டிக்குக்குள் காகிதம் பழுத்திருந்தாலும் எழுத்து முழுசாக இருந்தது. யாரும் பொட்டு வைக்காத காகிதம்.

"என்ன போட்டிருக்கு? படிலா" என்றாள் செல்லம்மா.

"பேரு சுப்பன். அடையாள எண் ஒரு நம்பர் விடாம இருக்கு. வயசு அம்பத்தி நாலு. வேல, தோட்டத் தொழிலாளி."

"அம்பத்தி நாலுதானா?" செல்லம்மா மெல்லத் தலையை ஆட்டினாள். "என்னைவிடச் சின்னவரு."

"இத வச்சே கெடச்சிரும்னு சொல்ல முடியாதும்மா. ஆனா வெறுங்கையோட போக வேணாம்." விக்னேஸ்வரி காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் பழக்கம் தெரிந்தவள். "நீ பயப்படாத. வீட்டுக்குள்ள கொண்டு வரல. வெளிய நிக்கிற என் காடியிலயே வச்சிக்கிறேன், திங்கக்கெழம அப்படியே எடுத்துட்டுப் போயிடலாம்."

செல்லம்மா அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள்.

"எனக்கு இந்த நாட்டுல ஒரு வீடு வாங்கித் தரப் போறவரு, அவரப் போயி இத்தன வருஷம் வெளிய நிக்க வச்சிட்டேன்" என்றாள். பிறகு வாசற்படியில் ஓரமாக ஒதுங்கி, காகிதம் பிடித்த கையை முதலில் உள்ளே நீட்டினாள். "வாங்கப்பா."