வில்பர் ஹாக்ஸை வென்ற அண்ணை

துர்க்கா பேச எழும்பியதுமே பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த அருள்நாயகம் கொட்டாவி விட்டார். பார்க்டேல் மாலை ஆங்கில வகுப்பில் எவர் வாயைத் திறந்தாலும் அந்தக் கொட்டாவிதான் முதல் விமர்சனம். யாழ்ப்பாணத்தில் தான் பெரிய ஓட்டவீரன் என்பதை ரொறன்ரோவுக்கு வந்த நாள் முதல் சொல்லித் திரிகிறவர் அவர். கேட்காதவர்களுக்கு இரண்டு தரம் சொல்வார். ஓடிய கால்களின் மேல் இப்போது ஒரு வயிறு ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அங்கிள் என்றால் முகம் சுளிப்பார். அண்ணை என்றே கூப்பிட வேண்டும்.

போன தவணை இதே பேச்சுச் சோதனையில் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் மரம்போல் நின்று ஆங்கிலப் பாடத்தைக் கோட்டைவிட்டவள் துர்க்கா. இம்முறையும் தவறினால் தாதியர் கல்லூரி இடம் போய்விடும். சரிபார்த்ததையே மறுபடியும் சரிபார்த்து வந்திருந்தாள்.

வில்பர் ஹாக்ஸ் என்ற அமெரிக்கனைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒகையோ மாநில இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகன். இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிது. சாம்பல் கொட்டிய ஓடுபாதையில் தோட்டக் கரண்டியால் குழி தோண்டிக் காலை ஊன்றித்தான் புறப்படுவார்கள். ஹாக்ஸ் நூறு மீற்றரைப் பதினொரு செக்கனில் ஓடிப் பதக்கம் வாங்கினான். அடுத்த பெரிய போட்டியில் வெடிச்சத்தத்துக்கு முன்னே பாய்ந்துவிட்டான். அக்கால விதிப்படி ஒரு யார், அதாவது மூன்றடி, பின்னே தள்ளி நிறுத்தினார்கள். மயிரிழையில் தோற்றான். பிறகு ஓடவில்லை, தொப்பி விற்றான்.

கேள்விகள் உண்டா என்று ஆசிரியை கேட்டார். அருள்நாயகம் எழும்பினார். ஆங்கிலம் அவரைக் கைவிட்டதால் தமிழுக்கு இறங்கினார்.

"பதினொண்டோ? அறுபத்திநாலில நான் நூறைப் பத்தரையில ஓடினனான், பிள்ளை. மூண்டடிக்கு அழுதவன் சம்பியன், நான் இஞ்ச வீடு வீடாப் பேப்பர் போடுறன்!"

வகுப்பில் பாதிப்பேர் தமிழர். சிரித்தார்கள், கையும் தட்டினார்கள்.

துர்க்கா குறிப்புத்தாளைத் திரும்பப் பார்த்தாள். பத்தரை, பதினொன்றைவிடக் குறைவுதானே? தன் கணக்குத்தான் பிழையோ? ஆசிரியை பேனாவைத் தூக்கினார். அப்போதுதான் அந்த வருடம் அவளுக்கு உறைத்தது. அறுபத்திநாலில் ஊரில் மீற்றர் ஏது? துணியையும் ஓட்டத்தையும் யாரில்தானே அளந்தார்கள்!

"அண்ணை, நீங்கள் ஓடினது நூறு மீற்றரோ, நூறு யாரோ?"

"யார்தான். நூறு எண்டா நூறு. அதுக்கென்ன?"

"ஹாக்ஸை ஒரு யார் பின்னுக்கு விட்டவை. நூறு மீற்றர் எண்டா நூத்தொன்பது யார். உங்களை ஒன்பது யார் முன்னுக்கு விட்டிருக்கினம். இந்தக் கரும்பலகையிலயிருந்து பின்சுவர் வரைக்கும் உள்ள தூரம் இன்னும் மிச்சம் கிடக்குது. நீங்கள் ஓடி முடிக்கேல்லை."

அதையே ஆசிரியைக்குத் திக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தபடி புள்ளியைப் போட்டார்.

"உந்த ஒன்பது யார் எனக்கு ஒரு பாய்ச்சல்," என்றார் அருள்நாயகம், உட்காராமலே.

"பாயுங்கோ அங்கிள்," என்றாள் துர்க்கா. "வாங்குகளை ஒதுக்கி விடுறன்."